கள்ளுக்கடை மூடுன வருசம் பொறந்தவங்க

ஆட்டையாம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் மூக்குக்கு முறுக்கு எண்ணெய் வாசம் வரும், காதுக்கு விசைத்தறிச் சத்தம் வரும், கண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரும். சேலத்துக்குத் தெற்கே, நாமக்கல் மாவட்ட எல்லையை ஒட்டி, திருச்செங்கோட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் பேரூர் இது. இங்கே மட்டுமா, தமிழ்நாட்டில் எந்த ஊர்ச் சுவர்தான் காலியாக இருக்கிறது என்று கேட்கலாம். சரிதான். ஆனால் இந்த ஊர் போஸ்டர்களை நின்று படித்தால் ஒன்று உறுத்தும்.

மேலே படம். ரேஷன் கார்டில் இருந்தோ, பேரன் கல்யாண ஆல்பத்தில் இருந்தோ வெட்டி எடுத்தது. வாழ்நாள் முழுக்கத் துண்டோடு தறியில் உட்கார்ந்தவருக்கு ஸ்டுடியோக்காரர் வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும் போட்டுவிட்டிருப்பார். கீழே மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், பங்காளிகள், நண்பர்கள் என்று ஒரு பட்டாளம். நடுவில் தோற்றம், மறைவு. அந்தத் தோற்றத்துக்குப் பக்கத்தில் பலருக்கும் ஜனவரி 1 என்றுதான் இருக்கும். ஊரில் பாதிப் பேர் புத்தாண்டு அன்று பிறந்தவர்கள் இல்லை. பிறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆதார் எடுத்தபோது உத்தேச வயதைக் கணக்குப் பண்ணி ஜனவரி 1 என்று போட்டுக்கொண்டார்கள். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுமைக்குமான சட்டமே 1969-இல்தான் வந்தது. அதற்கு முன் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஆத்தாளின் ஞாபகம்தான் சர்டிபிகேட்.

அந்த மனிதர் என்ன வேலை செய்தார் என்பது மட்டும் போஸ்டரில் இருக்காது. வாத்தியார் என்றால் போடுவார்கள், கட்சியில் வட்டம், மாவட்டம் என்றிருந்தால் கட்டாயம் போடுவார்கள். ஐம்பது வருஷம் சேலை நெய்தவர் என்று எந்தப் போஸ்டரிலும் நான் பார்த்ததில்லை. முறுக்குச் சுற்றியவர் என்றும் பார்த்ததில்லை. ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த வேலை இரண்டும் ஊர்க்காரர்களின் கடைசிக் காகிதத்தில் ஏறுவதில்லை.

உண்மையான வயது வேண்டுமானால் வேறு மாதிரி கேட்க வேண்டும். "உங்களுக்கு எத்தனை வயசாச்சுங்காயா?" என்றால், "என்னத்தக் கண்டேன் கண்ணு, அதெல்லாம் ஆரு எழுதி வெச்சா" என்பதோடு பேச்சு நின்றுவிடும். கள்ளுக்கடை மூடினபோது நடை வந்துவிட்டதா, யுத்த காலக் கன்ட்ரோலில் என்ன சாப்பிட்டீர்கள், காந்தி செத்தபோது கல்யாணம் ஆகியிருந்ததா என்று கேட்டால் கணக்கு சுருக்காக வந்துவிடும்.

கள்ளுக்கடை மூடியது 1937 அக்டோபர் 1. ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில்தான். அவர் சேலத்தில் வக்கீலாக இருந்தவர், நகராட்சித் தலைவராக இருந்தவர். 1925-இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கியவர். குடிக்கு எதிராக 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகையே அங்கிருந்து வந்தது, கல்கி அதில் வேலை பார்த்தார். அன்றைய சேலம் ஜில்லா இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேர்ந்தது. கள்ளு வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939-இல் விற்பனை வரி வந்தது. இன்றைக்கு நூலுக்கு ஜி.எஸ்.டி. கட்டிவிட்டு அலுத்துக்கொள்ளும் தறி முதலாளிக்கு இந்தச் சங்கதி தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த வருஷம் பிறந்தவர்களுக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. அவர்கள் ஆயுசுக்குள் கடை 1971-இல் திறந்தது, 1974-இல் மூடியது, 1981-இல் மறுபடி திறந்தது, 2003-இல் அரசாங்கமே சில்லறை விற்பனைக்கு உட்கார்ந்துவிட்டது. அதே ஆயுசுக்குள் ஜில்லாவும் இரண்டு தடவை உடைந்தது. 1965-இல் தருமபுரி போனது, 1997-இல் நாமக்கல் போனது. பெண் கொடுத்து எடுத்த வெண்ணந்தூரும் மல்லசமுத்திரமும் நாமக்கல் மாவட்டமாகிவிட்டன, ஆட்டையாம்பட்டி சேலத்திலேயே நின்றுவிட்டது. வீட்டுத் திண்ணையை விட்டு நகராமல் அக்கா ஒரு மாவட்டம், தங்கச்சி ஒரு மாவட்டம் ஆனார்கள்.

தறிக்கு வருவோம். பெரியவர்கள் பேசத் தொடங்கினால் நிறுத்த முடியாத இடம் இதுதான். 

குழித்தறியில் நெய்தவரை ஊர் பார்ப்பது இடுப்புக்கு மேலேதான். கால் இரண்டும் குழிக்குள். மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிக்க விழுது ஏறி இறங்கும், வலது கை கயிற்றை இழுக்க நாடா குறுக்கே ஓடும், இடது கை பலகையை அடிக்கும். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் ஊறிவிடும். தறி நிற்கும், அந்த வாரம் கூலி இல்லை. ஐப்பசி, கார்த்திகையை இந்த வீடுகளில் ஒருவரும் ரசித்துப் பேச மாட்டார்கள். உழுகிற குடும்பம் வானத்தைப் பார்த்துக் கும்பிட்ட அதே மாதத்தில் பக்கத்துத் தெரு நெசவுக் குடும்பம் அடகுக் கடையில் நின்றது.

நெய்தது அவர் என்றால் மற்றதெல்லாம் யார் செய்தது? நூல் சிட்டமாக வரும். அதைப் பரிவட்டத்தில் மாட்டி, ராட்டை சுற்றி, தார்க்குச்சியில் ஏற்றித் தர வேண்டும். தார் தீர்ந்தால் தறி நின்றுபோகும் என்பதால் அடுப்பில் உலை கொதித்தாலும், மடியில் பிள்ளை பால் குடித்தாலும் ராட்டை நிற்காது. விடிவதற்கு முன் தெருவில் பாவு, அதாவது நெடுக்கு இழை, விரித்துக் கஞ்சிப் பசை போட்டு, வெயிலும் காற்றும் ஏறுவதற்குள் காயவைத்துச் சுருட்ட வேண்டும். அது குடும்பம் மொத்தமும் சேர்ந்து ஓடுகிற வேலை. சேலம் வட்டாரத்தில் பாவு விரிக்கும் இடங்களுக்குப் பாவடி என்று பெயரே இருக்கிறது. பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக, பழைய நுனியோடு புது நுனியை விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். இதில் பெரும்பகுதி பெண்களின் வேலை. கூலிப் புத்தகத்தில் எழுதியிருப்பது ஆணின் பெயர். நெசவாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்ததும் பெரும்பாலும் அவர்தான். எண்பது வயது அம்மாயியிடம் "நீங்க என்ன வேலை பாத்தீங்க" என்று கேளுங்கள், "நானென்ன வேல பாத்தேன், சும்மா வீட்ல இருந்தேன்" என்றுதான் சொல்வார். பேத்திகளும் அப்படியே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

யுத்த காலத்தில் நூலுக்குக் கன்ட்ரோல் வந்தது. சுதந்திரம் வந்த பிறகு 1952-இல் கைத்தறித் துணி தேங்கி, நெசவாளிகளுக்குக் கஞ்சித் தொட்டி திறக்கிற நிலைமை ஆனது. அடுத்த வருஷம் அண்ணாவும் தி.மு.க.வினரும் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாக விற்றார்கள். அதை அரசியல் வரலாற்றில் படிக்கலாம். கஞ்சிக்கு வரிசையில் நின்றதைப் பற்றி அந்த வீடுகளில் பேசுவது குறைவு. அது அவமானக் கணக்கில் ஏறிவிட்டது. சேலத்திலும் ராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் இன்றைக்குக் கோடிக் கணக்கில் ஜவுளி ஓட்டும் பல குடும்பங்களில், கஞ்சித் தொட்டி தாத்தா காலத்தோடு முடிந்துபோன பேச்சு.

மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிந்தது. பின்னாலேயே மின்சாரம். அந்த மின்சாரம் மெல்ல மெல்லத் தறிக்குள் நுழைந்தது. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டம் போட்டார்கள், விசைத்தறி அதையும் தாண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. குழித்தறிக் குழியை மண் போட்டு மூடிச் சிமென்ட் பூசி, அதே இடத்தில் விசைத்தறியை நிறுத்திய வீடுகள் உண்டு. அப்பன் உட்கார்ந்து நெய்த இடத்தில் மகன் நின்றுகொண்டு இரண்டு, நாலு தறிகளைப் பார்த்தான். பேச்சுக் குறைந்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கைத்தறிச் சத்தத்துக்கு நடுவே கதை பேசலாம். விசைத்தறிக் கொட்டகையில் கத்தினால்கூடக் கேட்காது, அங்கேயே இருந்தவர்களுக்குக் காதும் சீக்கிரம் போய்விடுகிறது. பாட்டன் கதை பேரனுக்கு வராமல் போனதற்கு டி.வி.யையும் செல்போனையும் திட்டுகிறோமே, அதற்கு முன்பே இந்த மோட்டார் பாதி வேலையை முடித்துவிட்டது.

முறுக்கு கொஞ்சம் வேறு கதை. அது பெண்களின் கை என்று ஊரே ஒப்புக்கொள்ளும். ஆட்டையாம்பட்டிக் கை முறுக்குக்கு அச்சுக் கிடையாது. பச்சரிசி மாவைப் பிசைந்து, ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு முறுக்கிக்கொண்டே துணி மேல் வட்டமாக இறக்க வேண்டும். விரல் ஒரு பக்கம் திருகும், மணிக்கட்டு ஒரு பக்கம் சுற்றும். மாவு நெகிழ்ந்தால் முறுக்கு விழாது, இறுகினால் விண்டுபோகும். பழகிய கை அதைப் பார்த்துக்கொண்டு செய்வதில்லை. பக்கத்தில் இருப்பவளோடு மருமகள் புராணம் பேசிக்கொண்டேதான் செய்யும். பஸ்ஸில் வாங்கித் தின்கிறவர்கள் பிராண்டு பெயரைப் பார்க்கிறார்கள். சுற்றிய விரல்களுக்கு எழுபது வயதில் மூட்டு வீங்கிச் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போவதைப் பார்க்கிறவர்கள் வீட்டு ஆட்கள்தான்.

அந்த விரலுக்கு இன்னொரு சங்கடம் இருக்கிறது. ரேஷன் கடையில் ரேகை வைக்கச் சொல்கிறார்கள். நூலிலும் மாவிலும் தேய்ந்த விரலை மிஷின் ஏற்றுக்கொள்ளாது. ஈரத் துணியில் துடைத்து வை, அடுத்த விரலை வை என்று ஒரு பாடு. பின்னால் வரிசை முணுமுணுக்கும். "நாந்தாஞ் சாமி, நாந்தான்" என்று அந்தப் பெட்டியைப் பார்த்துச் சொன்னால் அதற்கு விளங்குமா?

முதியோர் உதவித்தொகையை ஊரில் ஓ.ஏ.பி. பணம் என்பார்கள். தமிழ்நாட்டில் 1962-இல் தொடங்கியது. 2023-இல் மாதம் 1,200 ரூபாய் ஆனது. மத்திய அரசுத் திட்டத்தில் வருகிறவர்களுக்கு அதில் மத்தியப் பங்கு எண்பது வயதுக்குள் வெறும் 200, எண்பதைத் தாண்டினால் 500. அந்த 200 பல வருஷமாக அசையவில்லை. மாத்திரை, வெற்றிலை பாக்கு, பேத்திக்குப் பிஸ்கட் என்று அந்த 1,200-க்கு ஓர் அரசாங்கத்தின் பட்ஜெட் அளவுக்குக் கணக்கு இருக்கும். நூறு நாள் வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு என்றுதான் வந்தது. பேரூராட்சி என்ற பெயர் ஏறியதால் ஆட்டையாம்பட்டி ஆயாக்களுக்கு அது கிடைக்கவில்லை, நாலு வயல் தாண்டி இருக்கும் ஊராட்சிக்காரிகளுக்குக் கிடைத்தது. ஊர் பெரிதானதில் அவர்களுக்குக் கிடைத்த லாபம் இவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் அறுபது வயது தாண்டியவர்கள் 2011 கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துக்கு மேல். 2021-க்கு மதிப்பிட்டது 13.6. கேரளத்துக்கு அடுத்து நாம்தான். எண்ணிக்கை ஏறுகிற அதே நேரத்தில் வீட்டில் ஆள் குறைகிறது. திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் வண்டிகள் வடக்கே எங்கெங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருக்கின்றன. லாரி, பனியன் கம்பெனி, பெங்களூரு ஐ.டி. வேலை என்று பிள்ளைகள் போய்விட்டார்கள். வாசலில் கட்டில், கட்டிலில் ஒரு கிழவர், கிழவருக்குக் காவல் ஒரு நாய் என்று வரிசையாகத் தெருக்கள் இருக்கின்றன. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுக்கலாம், மாதம் பத்தாயிரம் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த வீடு, நிலத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் ரத்து செய்யக்கூட வழி இருக்கிறது. ஆனால் மகன் மேல் மனு எழுதுகிற மனசு அந்தத் தலைமுறைக்கு லேசில் வராது. "அவனே தவிச்சுக்கிட்டுக் கெடக்கான்" என்பார்கள்.

செத்த பிறகு மரியாதைக்குக் குறை இருக்காது. ஐஸ் பெட்டி வந்துவிடும், வடக்கே இருக்கும் மகன் வந்து சேரும்வரை உடம்பு காத்திருக்கும். பிறந்த வீட்டுக் கோடி வரும். பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். இதற்கெல்லாம் நடுவில் நடக்கிற ஒன்றைத்தான் நான் போஸ்டரை விடப் பெரிதாக மதிக்கிறேன். அது ஒப்பாரி.

ஒரு மனுஷியின் வாழ்க்கை வரலாற்றை இந்த ஊர்களில் யாராவது எழுதியிருக்கிறார்கள் என்றால் அது எழவு வீட்டில் தோளைக் கட்டிக்கொண்டு அழுத பெண்கள்தான். எந்த ஊரில் இருந்து எந்த வயதில் வந்தாள், மாமியார் என்ன பாடுபடுத்தினாள், எத்தனை பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தாள், புருஷன் குடித்தானா, கொழுந்தன் ஏமாற்றினானா, எந்த மகன் சோறு போட்டான், எவன் போடவில்லை என்பதெல்லாம் ராகத்தோடு வெளியே வரும். போடாத மகன் தலைமாட்டிலேயே நின்றுகொண்டிருப்பான், வாயைத் திறக்க முடியாது. அன்றைக்கு அந்தப் பெண்களைக் கேட்க ஆள் கிடையாது. இப்போது மைக்செட்டோடு கூலிக்கு ஒப்பாரிக் குழு வருகிறது. நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் அவர்களுக்குச் செத்தவளைத் தெரியாது. பெயரையும் மகன்கள் பெயரையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் அதுவும் போஸ்டர் மாதிரியே ஆகிவிடுகிறது.

பெரியவர்களை நினைவுகூருவது என்றாலே அந்தக் காலம் தங்கம் என்று எழுதும் வழக்கம் நம் பத்திரிகைகளுக்கு உண்டு. திருமணிமுத்தாற்றில் குளித்தோம் என்பார்கள், உண்மை. இன்றைக்குச் சேலத்துச் சாக்கடையும் சாயமும் ஏறிவரும் அந்த ஆற்றில் கால் வைக்க முடியாது. காளிப்பட்டி கந்தசாமி கோயில் தைப்பூசத்துக்குக் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நடந்தே போனோம் என்பார்கள், அதுவும் உண்மை. அந்த ஆற்றில் எல்லாரும் ஒரே துறையில் இறங்க முடிந்ததா என்றும் கேட்க வேண்டும். டீக்கடையில் யாருக்குத் தனிக் குவளை, யார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எந்தத் தெருவைத் தாண்டினார்கள் என்று கேட்டால், சேரிப் பக்கத்துப் பெரியவர்கள் வேறொரு ஆட்டையாம்பட்டியைச் சொல்வார்கள். அவர்கள் ஞாபகத்தில் தங்கம் குறைவு.

இன்னொன்று கேட்கவே முடியாதது. பெண் சிசுக் கொலையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992-இல் அரசு தொடங்கியது சேலத்தில்தான். ஏன் சேலத்தில் என்பது இந்தப் பக்கத்தில் அறுபது, எழுபது தாண்டிய பெண்களுக்குத் தெரியும். கொடுமைக்குக் கை கொடுத்தவர்களும் இருப்பார்கள், பறிகொடுத்தவர்களும் இருப்பார்கள், இரண்டுமாக இருந்தவர்களும் இருப்பார்கள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் ஒரு நொடி தயங்கிவிட்டு எண்ணிக்கை சொல்லும் பெண்கள் உண்டு. அந்தத் தயக்கத்தைத் தோண்டுவதற்கு எந்தப் பத்திரிகைக்காரருக்கும் உரிமை இல்லை என்பது என் கட்சி. அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், தீர்ப்புச் சொல்லாமல்.

அப்படியானால் எதைக் கேட்பது? இங்கிலாந்தில் பிளாக்ஸ்ஹால் என்று ஒரு சிற்றூர். அங்கே குடிவந்த ஜார்ஜ் யூவர்ட் எவன்ஸ் என்ற எழுத்தாளர் பக்கத்து வீட்டுக் கிழவர்களிடம் பேசத் தொடங்கினார். அரிவாள் பிடித்தது, ஆடு மேய்த்தது, ரொட்டி சுட்டது என்று அவர்கள் செய்த வேலைகளைத்தான் கேட்டார். 1956-இல் அது புத்தகமாக வந்தது. வாய்மொழி வரலாறு என்ற துறைக்கே அது ஒரு முன்னோடி. மிஷின் வருவதற்கு முந்தைய கைவேலையைச் செய்தவர்களில் அதுதான் கடைசித் தலைமுறை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நமக்கு வெளியே போக வேண்டியதில்லை. இடைசெவலில் உட்கார்ந்து கி. ராஜநாராயணன் கரிசல் பெரியவர்கள் வாயில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டார். நம் திருச்செங்கோட்டுக்காரர் பெருமாள்முருகன் 2000-த்தில் கொங்கு வட்டாரச் சொல்லகராதி போட்டார், தன் அம்மாவைப் பற்றித் 'தோன்றாத் துணை' எழுதினார். அந்தப் புத்தகத்தின் நாயகி எந்தப் பதவியிலும் இருந்தவர் இல்லை, ஆடு மாடும் காடும் பார்த்த ஒரு கிராமத்து அம்மா.

பெற்ற பிள்ளை எழுத்தாளராக இருக்க வேண்டும் என்ற அவசியமில்லை. ஆட்டையாம்பட்டியில் ஃபோன் இல்லாத வீடு இல்லை. ஆயாவை சினிமாப் பாட்டுக்கு வாயசைக்க வைத்து ரீல்ஸ் எடுக்கும் பேத்திகளும் இருக்கிறார்கள், அதில் தப்பொன்றும் இல்லை, ஆயாவுக்கும் அது பிடிக்கத்தான் செய்கிறது. அதே ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு, "உங்க வாழ்க்கையில மறக்க முடியாத நாள் எது" என்று டி.வி. பேட்டி மாதிரி ஆரம்பித்தால் ஒன்றும் கிடைக்காது. எத்தனாம் நம்பர் நூல் ஓட்டினீர்கள், முதல் கூலி என்ன, அதை யார் வாங்கிக்கொண்டார்கள், பசை காய்வதற்குள் மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று வேலையைக் கேட்க வேண்டும். வேலையைக் கேட்டால் ஆள் நிமிர்ந்து உட்காருவார். பாவு பிணைச்சுக் காட்டுங்க ஆயா என்று சொல்லிப் பாருங்கள். நூல் இல்லையே என்று முதலில் பிகு பண்ணிவிட்டு, கட்டியிருக்கும் சேலை முந்தானையில் இருந்தே நாலு இழையை உருவி எடுத்து, இரண்டு நுனியைச் சேர்த்து முறுக்கிக் காட்டிவிட்டு, பேத்தி கையிலும் இரண்டு இழையைக் கொடுப்பார். அவளுக்கு வராது. "அடுப்புச் சாம்பல விரல்ல தொட்டுக்கோ கண்ணு, இல்லீன்னா வழுக்கும்" என்பார்.